பதினாறு ஓம்

ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்க ஆரம்பித்து ஆறு வருஷமாகிறது. மின்சாரப் பாடம் வரும்போதெல்லாம் வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை கையைத் தூக்கி ஒரே கேள்வியைக் கேட்கும். "டீச்சர், பவருக்கு 'ஐ ஸ்குவேர் ஆர்'னு ஒரு ஃபார்முலா. அதுல ஆர் கூடுனா பவர் கூடுது. 'வி ஸ்குவேர் பை ஆர்'னு இன்னொன்னு. அதுல ஆர் கூடுனா பவர் குறையுது. ரெண்டுல எது சரி?"

எனக்குப் பிடித்த கேள்வி இது. இதைக் கேட்காமலேயே எஸ்.பி.எம்.மில் ஏ பிளஸ் வாங்கிவிடலாம், பலர் வாங்குகிறார்கள். கேள்வியில் எந்த எண்கள் கொடுக்கப்பட்டிருக்கின்றனவோ அதற்கேற்ற ஃபார்முலாவை எடுத்துப் போட்டால் விடை வந்துவிடும். மின்தடை கூடினால் சூடு கூடுமா குறையுமா என்று நின்று யோசிக்கிற பிள்ளைக்குத்தான் இது உறுத்தும். போன வருஷம் இதைக் கேட்டது பிள்ளை இல்லை. என் அப்பா.

அப்பாவுக்கு அப்போது 57 வயது. ஒயர்மேன். ஒரு சீனத் தவுக்கேயிடம் 22 வருஷம் வேலை. கிள்ளானில் பாதித் தாமான்களின் சுவர்களுக்குள் அவர் இழுத்த கம்பி ஓடுகிறது என்று கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்லலாம். ஆனால் லைசென்ஸ் தவுக்கேயின் பெயரில்தான். தவுக்கே கடையை மூடிவிட்டு மகனோடு இருக்க வெளிநாடு போனபோது அப்பாவிடம் ஏணி இருந்தது, டிரில் இருந்தது, கிளாம்ப் மீட்டர் இருந்தது, அவரைத் தேடி போன் பண்ணுகிற வாடிக்கையாளர்கள்கூட இருந்தார்கள். சான்றிதழ் மட்டும் இல்லை. 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறைகள் வந்த பிறகு, தகுதிச் சான்றிதழ் இல்லாத ஒருவர் தன் பொறுப்பில் வயரிங் செய்து கையெழுத்துப் போட முடியாது. பிறர் கையெழுத்துக்குக் கீழே வேலை செய்யலாம். அதைத்தான் 22 வருஷம் செய்தார்.

ஏன் முன்னாலேயே பரீட்சை எழுதவில்லை என்று கேட்டால் சிரிப்பார். பரீட்சை மலாய் மொழியில். அப்பா மலாயில் பேரம் பேசுவார், சண்டை போடுவார், ஜோக் சொல்லி கடைக்காரரைச் சிரிக்க வைப்பார். எழுதச் சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம், பட்டணத்துப் பள்ளியில் ரிமூவ் கிளாஸ் ஒரு வருஷம், அதோடு படிப்பு நின்றது. அந்த ஒரு வருஷத்தில் என்ன படித்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "பஸ்ல எப்படி நின்னுக்கிட்டே தூங்குறதுன்னு படிச்சேன்" என்றார்.

ஆக, ஞாயிற்றுக்கிழமை இரவு டியூஷன் முடிந்து நான் வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் இரண்டாவது வகுப்பு தொடங்கும். ஒரே மாணவர். குறிப்பு எடுக்க பழைய சுவிட்சு டப்பாக்களின் அட்டை.

முதல் சிக்கல் சொல்லிலேயே வந்தது. நம் பேச்சில் 'கரண்டு' என்ற ஒரு வார்த்தை எத்தனை வேலை பார்க்கிறது என்று அதுவரை நான் கவனித்ததில்லை. கரண்டு போயிருச்சு. கரண்டு அடிச்சிருச்சு. கரண்டு பில்லு வந்திருச்சு. இந்த ஏர்கான் ரொம்ப கரண்டு இழுக்கும். அந்தக் கம்பியில ஹை கரண்டு, கிட்ட போகாதே. இதில் முதலாவது மின்வழங்கல், மூன்றாவது யூனிட் கணக்கு, நான்காவது பவர், ஐந்தாவது வோல்டேஜ். பாடப்புத்தகம் 'கரண்டு' என்று சொல்வது, அதாவது ஒரு கம்பியின் வழியாக ஒரு வினாடியில் எவ்வளவு மின்னூட்டம் போகிறது என்பது, இந்தப் பட்டியலில் 'கரண்டு அடிச்சிருச்சு' என்பதில் மட்டும்தான் ஓரளவு ஒட்டுகிறது. பரீட்சை அப்பாவிடமிருந்த ஒரு வார்த்தையைப் பிடுங்கிக்கொண்டு நான்கைக் கொடுத்தது: வோல்தான், ஆருஸ், ரிந்தாங்கான், குவாசா.

எனக்கும் இது நேராக வந்து சேர்ந்ததில்லை. நான் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்ந்தது 2003. அந்த வருஷம்தான் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் நடத்தும் திட்டம் தொடங்கியது. தமிழ்ப்பள்ளியில் உட்கார்ந்து 'பேட்டரி', 'சர்க்கிட்' என்று ஆங்கிலத்தில் படித்து, இடைநிலைப்பள்ளியில் ஆங்கிலமும் மலாயும் கலந்து படித்து, 'மின்னழுத்தம்', 'மின்னோட்டம்', 'மின்தடை' என்ற சொற்களைப் பல்கலைக்கழகம் போன பிறகு ஒரு தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில்தான் பார்த்தேன். 'மின்தடை' என்று அப்பாவிடம் சொன்னதும் "தடைன்னா கரண்டு போறதுதானே?" என்றார். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள், மின்வெட்டுக்கும் மின்தடைதான். ஆக அங்கேயும் ஒரு சொல் இரண்டு வேலை பார்க்கிறது. நாங்கள் 'ரிந்தாங்கான்' என்றே வைத்துக்கொண்டோம். பரீட்சைத் தாளில் அதுதானே இருக்கப்போகிறது.

அப்பாவுக்குக் கணக்குத் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். அவரிடம் சொந்தமாக ஒரு கணக்கு இருந்தது. "ஆயிரம் வாட்ஸுக்கு நாலு ஆம்ஸ்." இதுதான் அவருடைய மூல மந்திரம். ஒரு குதிரை மோட்டார் என்றால் முக்கால்வாசி ஆயிரம், அதனால் மூன்று ஆம்ஸ், ஸ்டார்ட் ஆகும்போது அதைப்போல பல மடங்கு. கெட்டல் ஒன்பது. இஸ்திரிப் பெட்டி நாலு. குளிக்கிற ஹீட்டர் பதினைந்து. 1000 வாட்டை 240 வோல்ட்டால் வகுத்துப் பாருங்கள், 4.17 வரும். அப்பாவின் மந்திரம் வகுத்தலைச் செய்துமுடித்து விடையை மட்டும் கையில் வைத்துக்கொண்ட சூத்திரம். கெட்டலின் அடியில் 2200 வாட் என்று போட்டிருக்கும். 2200 வகுத்தல் 240, 9.2 ஆம்பியர். மூன்று முள் பிளக்கில் 13 ஆம்பியர் பியூஸ். அது தாங்கும் பவர் 13 × 240, அதாவது 3120 வாட். கெட்டலை மாட்டலாம். 3600 வாட் ஹீட்டரை மாட்டக்கூடாது. இதை அப்பா மனத்திலேயே செய்துவிடுவார். அவருக்குத் தெரியாதது, தான் செய்வது வகுத்தல் என்பது.

காகிதப்படி நம் நாட்டின் வோல்டேஜ் 2008 முதல் 230. அப்பா ஒப்புக்கொள்வதில்லை. "எந்த வீட்டுல மீட்டர் வெச்சாலும் 240க்குப் பக்கத்துலதான் காட்டுது, போய் சொல்லு உன் பேப்பர்கிட்ட." 230க்கு மேலே பத்து விழுக்காடு வரை அனுமதி இருப்பதால் பேப்பரும் பொய் சொல்லவில்லை, மீட்டரும் பொய் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையில் அப்பாவுக்காக 240ஐயே வைத்துக்கொள்கிறேன்.

மீட்டர்தான் அவருக்குக் கடைசி வார்த்தை. மூன்றாவது வாரம் என்று நினைக்கிறேன், வி வகுத்தல் ஐ என்றால் ஆர் என்பதை நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு 60 வாட் குண்டு பல்பைக் கணக்காகக் கொடுத்தேன். 60 வகுத்தல் 240, கால் ஆம்பியர். 240 வகுத்தல் கால், 960 ஓம். எழுதி முடித்ததும் எழுந்துபோய் டூல் பாக்ஸைத் திறந்தார். பழைய ஒயர்மேன்கள் டெஸ்ட் லேம்பு என்று ஒரு பல்பை ஹோல்டரோடு வைத்திருப்பார்கள். அதைக் கழற்றிக்கொண்டு வந்து மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்தார். 72.

"உன் கணக்கு பொய் சொல்லுதும்மா."

சரியான இடத்தில் வந்து நிற்கிறார் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. டங்ஸ்டன் இழை மேசைமேல் கிடக்கும்போது அறையின் சூட்டில் இருக்கிறது. எரியும்போது அது 2500 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு. சூடு ஏற ஏற உலோகத்தின் அணுக்கள் அதிகமாக ஆடுகின்றன, எலக்ட்ரான்களுக்கு வழி கிடைப்பது கஷ்டமாகிறது, தடை பதின்மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. 72ம் உண்மை, 960ம் உண்மை. ஒன்று தூங்குகிற பல்பு, இன்னொன்று வேலை பார்க்கிற பல்பு. சுவிட்சைத் தட்டிய அந்தக் கணத்தில் தடை 72தான் என்பதால் 240 வகுத்தல் 72, மூன்று ஆம்பியருக்கும் மேல் பாய்கிறது. அப்பா தலையை ஆட்டினார். "அதான். பல்பு ப்யூஸ் போறதெல்லாம் தட்டுற நேரத்துலதான் போகும். ராத்திரி எரிஞ்சுக்கிட்டிருக்கும்போது போறது ரொம்பக் கம்மி." இதை அவர் 30 வருஷமாகப் பார்த்திருக்கிறார். காரணம் அன்றைக்குக் கிடைத்தது.

கேயோர்க் ஓம் என்ற மனிதரைப் பற்றி அப்பாவிடம் சொன்னதும் அதே இரவில்தான். வகுப்பில் மாணவர்களுக்கு இதைச் சொல்ல நேரம் இருக்காது. ஓம் 1789இல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தவர். அவருடைய அப்பா பூட்டுச் செய்கிற தொழிலாளி, பள்ளிப் படிப்பு பெரிதாக இல்லாமல் தானாகவே கணிதம் படித்து, அதைத் தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஓம் கோலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது, ஒரே தடிமனும் வெவ்வேறு நீளமும் உள்ள செம்புக் கம்பிகளை வைத்துச் சோதனை செய்தார். அன்றைய பேட்டரிகள் நிலையாக நிற்காது. அளக்க ஆரம்பிக்கும்போது ஒரு பலம், முடிக்கும்போது இன்னொரு பலம். அதனால் பேட்டரியை விட்டுவிட்டு, பிஸ்மத்தும் செம்பும் சேரும் இரண்டு இணைப்புகளில் ஒன்றைக் கொதிக்கிற தண்ணீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்து, அந்தச் சூட்டு வித்தியாசத்தால் வருகிற சின்ன, ஆனால் அசையாத மின்னழுத்தத்தைப் பயன்படுத்தினார். 1827இல் புத்தகம் வந்தது. சொந்த நாட்டில் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. லண்டன் ராயல் சொசைட்டி 1841இல் காப்லி பதக்கம் கொடுத்தது. மியூனிக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நாற்காலி கிடைத்தது 1852இல், சாவதற்கு இரண்டு வருஷம் முன்னால்.

அப்பாவுக்கு இதில் பிடித்தது பூட்டுக்காரர்தான். "அவருக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

ஓமுக்கு முன்பே 1781இல் ஹென்றி கேவண்டிஷ் என்ற ஆங்கிலேயர் இதே உறவைக் கண்டுபிடித்து, யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தார். அவரிடம் அளக்கும் கருவி இல்லை. உப்புத் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய்கள் வழியாக மின்சாரத்தைத் தன் உடம்பில் பாயவிட்டு, எந்த அதிர்ச்சி பெரிது எது சிறிது என்று உணர்ந்து கணக்கெழுதினார். நூறு வருஷம் கழித்து 1879இல் மேக்ஸ்வெல் அந்தக் குறிப்புகளைப் பதிப்பித்தபோதுதான் உலகத்துக்குத் தெரியவந்தது. இதைச் சொன்னபோது அப்பா தன் வலது கையைத் திருப்பிக் காட்டினார். அவர் தொழில் பழகிய காலத்தில் பெரியவர்கள் விரலின் பின்பக்கத்தால் கம்பியைத் தொட்டுப் பார்ப்பார்களாம். உள்ளங்கையால் தொட்டால் தசை இறுகி கம்பியைப் பிடித்துக்கொள்ளும், பின்பக்கம் என்றால் கை தானாக விலகும். யாரும் செய்யக்கூடாத காரியம். ஆனால் கேவண்டிஷ் பிரபுக் குடும்பத்தில் பிறந்ததால் அவருடையது ஆராய்ச்சி என்று பதிவாகியிருக்கிறது.

தோட்டத்து விளக்குகளைப் பற்றிய பேச்சு எப்படி வந்தது என்று ஞாபகமில்லை. அப்பா பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்துக்கு எல்.எல்.என். கம்பி வரவில்லை. தோட்டத்துக்கென்று ஒரு இஞ்சின் ரூம், டீசல் ஜெனரேட்டர். சாயங்காலம் ஆறு மணிக்கு முடுக்கினால் பத்து மணிக்கு நிறுத்துவார்கள். 15 வயதில் அப்பா அங்கே இஞ்சின்காரருக்குக் கையாளாகச் சேர்ந்தார். தொரை பங்களாவிலும் கிராணி வீட்டிலும் பல்பு வெள்ளையாக எரியும். கடைசி லயத்தில், அதாவது எங்கள் தாத்தா பாட்டி இருந்த லயத்தில், ஆரஞ்சு நிறத்தில் சோம்பிக்கொண்டு எரியும். அந்த வெளிச்சத்தில் புத்தகம் படிக்க முடியாது, ஆளை அடையாளம் காணலாம். கிராணிதான் இஞ்சின்காரரிடம் சொல்லிக் கடைசி லயத்துக்குக் கரண்டைக் குறைக்கிறார் என்று ஜனங்கள் நம்பினார்கள். இஞ்சின் ரூமில் வேலை பார்க்கிற பையன் என்பதால் அப்பாவிடமே வந்து கேட்டிருக்கிறார்கள்: "டேய், எந்தச் சுவிட்சுடா அது?" அப்படி ஒரு சுவிட்சு இல்லை என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. அவனும் அவங்க ஆளாயிட்டான் என்று பேசிக்கொண்டார்களாம். 40 வருஷம் கழித்தும் அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் மாறியது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்று அட்டையை எடுத்தேன். இஞ்சின் ரூமிலிருந்து கடைசி லயம் எவ்வளவு தூரம்? அரை கிலோமீட்டர் இருக்கும். கம்பி? மெல்லிசு, 2.5 எம்எம் என்று வைத்துக்கொள். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் கம்பியின் நீளம் ஆயிரம் மீட்டர். அந்தத் தடிமனில் ஆயிரம் மீட்டர் செம்புக்குத் தடை கிட்டத்தட்ட 7 ஓம். லயத்தில் 12 வீடு, வீட்டுக்கு இரண்டு 60 வாட் பல்பு, மொத்தம் 24 பல்பு, 1440 வாட். 240ஆல் வகுத்தால் 6 ஆம்பியர். 6 ஆம்பியர் 7 ஓம் வழியாகப் போனால் 42 வோல்ட் வழியிலேயே தீர்ந்துவிடும். லயத்துக்குப் போய்ச் சேர்வது 198. பல்பு கொஞ்சம் மங்கும்போது இழுப்பதும் கொஞ்சம் குறையும், அதனால் இது கறாரான எண் இல்லை. ஆனால் பெரிய வித்தியாசம் வராது. 200 வோல்ட்டில் எரியும் குண்டு பல்பு, தன் முழு வெளிச்சத்தில் பாதியைத்தான் தரும், வோல்டேஜ் ஆறில் ஒரு பங்கு குறைந்தாலும் வெளிச்சம் அப்படி விழும். 42 வோல்ட்டை 6 ஆம்பியரால் பெருக்கினால் 252 வாட். நான்கு பல்புக்கு மேல் எரிக்கக்கூடிய பவர் தினமும் நாலு மணி நேரம் பால் மரங்களுக்கு நடுவே கம்பியைச் சூடாக்கிக்கொண்டிருந்திருக்கிறது.

அப்பா அந்த அட்டையை வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார், "பத்து எம்எம் கம்பி போட்டிருந்தா?"

தடிமன் நான்கு மடங்கு, தடை நாலில் ஒன்று. 42 வோல்ட்டுக்குப் பதில் 10, 11. பல்பு வெள்ளையாகவே எரிந்திருக்கும்.

"பங்களாவுக்குத் தடிச்ச கம்பிதான் போட்டிருந்தாங்க. நானே ஏறிக் கட்டியிருக்கேன். அது இஞ்சின் ரூமுக்குப் பக்கத்துலயே இருந்துச்சு, அதுக்கு எதுக்குத் தடிச்ச கம்பி?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கரண்டைக் குறைக்கலம்மா. கம்பியைக் குறைச்சிருக்காங்க. அவங்க சொன்னதும் சரிதான் போல" என்றார். இஞ்சின் ரூம் பையனை நம்பாத அந்த ஜனங்களை அன்றைக்கு அவர் விட்டுவிட்டார் என்று தோன்றியது. தாத்தா உயிரோடு இருந்திருந்தால் அட்டையைக் கொண்டுபோய்க் காட்டியிருப்பார்.

இப்போது ஹீட்டர் விஷயத்துக்கு வருகிறேன். அத்தை மகன் புதுத் தாமானில் வீடு வாங்கி, பிள்ளை பிறந்து, குளியலறைக்கு வாட்டர் ஹீட்டர் வாங்கினார். அத்தை அப்பாவைத்தான் கூப்பிட்டார். அப்பா போய்ப் பார்த்துவிட்டு, டிபி பாக்ஸிலிருந்து தனியாக 4 எம்எம் கம்பி இழுக்கணும், 20 ஆம்ஸ் சுவிட்சு, ஹீட்டருக்கென்று தனியாக ஒரு 10 மில்லி ஆம்ஸ் ஆர்சிடி, சாமானோடு 400 வெள்ளி ஆகும் என்றார். கையெழுத்துப் போட லைசென்ஸ் உள்ள ஒருவரைத் தேட வேண்டியிருந்ததையும் சொன்னார். வீட்டில் என்ன பேச்சு நடந்ததோ தெரியாது. "சொந்தத் தங்கச்சிகிட்டயே காசு பாக்குறாரு" என்ற வார்த்தை சுற்றி வளைத்து எங்கள் காதுக்கு வந்தது. யாரோ ஒரு ஆள் 50 வெள்ளிக்கு வந்து, ஹீட்டர் வயரில் சாதாரண மூன்று முள் பிளக்கை மாட்டி, வாஷிங் மெஷின் சாக்கெட்டில் செருகிவிட்டுப் போய்விட்டார். அப்பா அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்தினார். பிள்ளைக்கு முடி இறக்கும்போதுகூட அம்மாவும் நானும்தான் போனோம்.

ஹீட்டரின் மேல் ஒட்டியிருந்த தாளில் 240 வோல்ட், 3.6 கிலோவாட் என்று இருந்தது. 3600 வகுத்தல் 240, 15 ஆம்பியர். 240 வகுத்தல் 15, 16 ஓம். இவ்வளவு உருண்டையான எண்கள் வாழ்க்கையில் அதிகம் வராது. 15 ஆம்பியர் போனால் 13 ஆம்பியர் பியூஸ் அறுந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். அறுக்காது. அந்த பியூஸ் அவ்வளவு சின்ன மீறலை மணிக்கணக்கில் பொறுத்துக்கொள்ளும். பொறுக்காதது பிளக்கின் முள்ளும் சாக்கெட்டின் உதடும் தொட்டுக்கொள்கிற இடம். நாலைந்து மாதத்தில் அங்கே கருகல் வாசனை வந்தது, பிளக் பழுப்பாகி உருகி சாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டது. நல்லவேளை, அத்தை மகன் மெயினை இறக்கிவிட்டுப் பிடுங்கினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அத்தையே போன் பண்ணினார். அப்பா போய்ப் பார்த்துவிட்டு, "சர்ட்டிபிகேட் வரட்டும், நானே வந்து என் கையெழுத்துல செய்றேன். அதுவரைக்கும் தொடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, உருகிய பிளக்கைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிளக் சாப்பாட்டு மேசையில் இருந்தது. அப்பாவின் கேள்வி வந்ததும் அப்போதுதான். "தடை கம்மியா இருந்தாத்தான் ஹீட்டர் நல்லா சுடும்னே. வி ஸ்குவேர் பை ஆர். இந்த எடத்துல தொடுறது சரியில்லாம தடை கூடிப்போயித்தானே சுட்டிருக்கு? அப்ப ஒன் ஃபார்முலா ஒண்ணுக்கொண்ணு ஆகாதா?"

மாணவர்களுக்கு நான் கரும்பலகையில் விளக்குவதைவிட அந்தப் பிளக் நன்றாக விளக்கியது. ஹீட்டருக்கு இரண்டு முனையிலும் 240 வோல்ட் அப்படியே கிடைக்கிறது. அதை மாற்ற ஹீட்டரால் முடியாது. அதனால் அதன் தடை பாதியானால் ஓடுகிற மின்சாரம் இரண்டு மடங்காகும், பவரும் இரண்டு மடங்காகும். பிளக்கின் முள் நிலைமை வேறு. எத்தனை ஆம்பியர் ஓடவேண்டும் என்பதை 16 ஓம் ஹீட்டர் முடிவு செய்துவிட்டது, முள் அதைக் கடத்திவிட மட்டுமே முடியும். தொடுகிற இடத்தில் 0.2 ஓம் தடை என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 16.2 ஓம். 14.8 ஆம்பியர் ஓடும். 14.8ஐ 14.8ஆல் பெருக்கி 0.2ஆல் பெருக்கினால் 44 வாட். அப்பாவின் சால்டரிங் அயர்ன் 40 வாட். அதாவது, கச்சான் அளவு இடத்தில் ஒரு சால்டரிங் அயர்னைச் செருகி வைத்தது மாதிரி. கருகக் கருகத் தடை கூடும். 0.5 ஓம் ஆனால் அங்கே 106 வாட். அந்த நேரத்திலும் ஹீட்டருக்கு 3385 வாட் கிடைத்துக்கொண்டிருக்கும் என்பதால், குளிக்கிறவருக்குத் தண்ணீர்ச் சூட்டில் வித்தியாசமே தெரியாது.

"வி ஸ்குவேர் பை ஆர்?" விடவில்லை அவர்.

அதுவும் வரும். ஆனால் அந்த வி, சுவரில் இருக்கிற 240 கிடையாது. முள்ளின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் இடையிலான வோல்டேஜ். 14.8 பெருக்கல் 0.2, ஏறக்குறைய 3 வோல்ட்தான். அந்த 3ஐப் போட்டுப் பாருங்கள், அதே 44 வாட் வரும். எந்தப் பொருளின் சூட்டைக் கேட்கிறோமோ அந்தப் பொருளின் வோல்டேஜ், அந்தப் பொருளின் ஆம்பியர், அந்தப் பொருளின் தடை. கலந்துவிட்டால்தான் சண்டை. அப்பா தானே பேனாவை எடுத்துப் போட்டுப் பார்த்தார். பெருக்கலில் அவருக்கு நேரமெடுத்தது. 44 என்று வந்ததும் கீழே இரண்டு கோடு போட்டார், தோட்டப் பள்ளியில் வாத்தியார் போடச் சொன்ன மாதிரி.

பத்து மில்லி ஆம்ஸ் ஆர்சிடியை ஏன் அவர் விட்டுக்கொடுக்கவில்லை என்பதும் இதே கணக்குதான். நனைந்த உடம்பின் தடையை ஆயிரம் ஓம் என்று எடுத்துக்கொண்டால், 240 வோல்ட்டுக்கு 240 மில்லி ஆம்பியர் ஓடும். அதில் ஒரு பகுதியே இதயத் துடிப்பைக் குலைக்கப் போதும். ஆர்சிடி, போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருந்து, 10 மில்லி ஆம்பியர் காணாமல் போனால் வெட்டிவிடும். பியூஸ் கம்பியைக் காப்பாற்ற இருப்பது. 240 மில்லி ஆம்பியர் அதற்குக் கண்ணுக்கே தெரியாது.

முதல் தடவை எழுத்துத் தேர்வில் அப்பா தேறவில்லை. கணக்கில் போகவில்லை, கேள்வியில் ஒரு மலாய் வார்த்தை புரியாமல் பக்கம் முழுதும் விட்டுவிட்டார். என்ன வார்த்தை என்று கடைசிவரை சொல்லவில்லை. இரண்டாம் தடவை தேறினார். சான்றிதழ் வந்த அன்றைக்கு அம்மா அதைச் சாமி மேடையில் வைத்தார், மறுநாளே அப்பா எடுத்து பிளாஸ்டிக் போடக் கொடுத்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை அத்தை மகன் வீட்டுக்கு நானும் கூடப் போனேன். கம்பி இழுக்க மத்தியானம் ஆகிவிட்டது. ஹீட்டரை இணைக்கும் முன் அப்பா மல்டிமீட்டரை எடுத்து அதன் இரண்டு முனையிலும் வைத்து என்னைப் பார்த்தார். 16.1. ஹீட்டர்க் கம்பி நிக்கல், குரோமியம் கலந்தது, சூடானாலும் அதன் தடை அதிகம் மாறாது. பல்பு மாதிரி இல்லை. "இது பொய் சொல்லல" என்றார். டிபி பாக்ஸ் மூடியின் உள்பக்கம் மார்க்கரால் ஹீட்டர், 15 ஆம்ஸ், 16 ஓம், தேதி எல்லாம் எழுதினார். ஓம் எழுதுவது அவருக்குப் புதுப் பழக்கம்.

அத்தை மைலோ கொண்டுவந்து வைத்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, "ஏண்ணே, இது ரொம்ப கரண்டு இழுக்குமா?" என்று கேட்டார்.

அப்பா ஏணியிலிருந்து இறங்கி உட்கார்ந்து மைலோவை எடுத்துக்கொண்டார். "நீ எந்தக் கரண்டைக் கேக்குற?"

"எந்தக் கரண்டுனா? பில்லுதாண்ணே."

"அப்படிக் கேளு. ஒரு ஆளு பத்து நிமிஷம் குளிச்சா அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல. இப்ப சொல்லு, வீட்டுல எத்தனை பேரு?"